பெயரில்லாத எட்டுப் பொத்தான்கள்

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ஹெல்கா நூட்டினென் கையை இரண்டு தடவை கழுவுகிறாள். முதல் தடவை சோப்புப் போட்டு, இரண்டாம் தடவை வெறும் வெந்நீரில். அவள் தொழில் மசாஜ். வருடக்கணக்கில் எண்ணெயில் ஊறிய விரல் விசைப்பலகையில் வழுக்கும். வழுக்கினால் ஒரு விசைக்குப் பதில் இன்னொன்று அழுந்தும். அப்புறம் தப்பு பிரவுசருடையதா, தன்னுடையதா என்று சொல்ல முடியாது. அந்தச் சந்தேகம் மட்டும் அவளுக்கு ஆகவே ஆகாது.

துடைத்த கையோடு உட்கார்ந்து, காபிக் கோப்பையை இடது பக்கம் தள்ளி வைக்கிறாள். பிரவுசரின் புது பீட்டா பதிப்பு முந்தின நாள் மாலையே வந்து இறங்கியிருக்கும். ஊருக்கெல்லாம் போவதற்குச் சில வாரங்கள் முன்னால் அதை வெள்ளோட்டம் விட்டுப் பார்க்க ஒப்புக்கொண்ட சில நூறு பேரில் ஹெல்காவும் ஒருத்தி. சம்பளம் கிடையாது. பதினோரு வருட உழைப்புக்குக் கம்பெனி அனுப்பி வைத்தது ஒரு கம்பளித் தொப்பி. அதுவும் பிள்ளைகள் போடும் அளவு.

அவள் மேசையில் கணினி இருக்கிறது, திரை இல்லை. திரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஜெரேனியப் பூச்செடித் தொட்டி இருக்கிறது. பிறவியிலேயே பார்வை இல்லாதவளுக்குத் திரை எதற்கு? விசையை அழுத்தி நகர நகர, அந்தந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதை ஒரு இயந்திரக் குரல் படித்துச் சொல்கிறது. அவள் வைத்திருக்கும் வேகத்தில் அது நமக்கு லாரியிலிருந்து சரளைக்கல் கொட்டுவது போலத்தான் கேட்கும். அவளுக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும். அந்தக் குரலுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் பாதிரியார். "கல்யாணமா இருந்தாலும் சாவா இருந்தாலும் ஒரே ராகம். ஏத்தமும் இல்லை, இறக்கமும் இல்லை," என்பாள்.

ஐம்பத்தெட்டு வயது. ஃபின்னிஷ் பேசும் ஈசல்மி ஊரில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் செங்கல் கட்டடத்தில், தரைத்தளத்து அறை ஒன்றில் மசாஜ் மேசை போட்டிருக்கிறாள். பக்கத்து அறையில் குடியிருப்பு. சேதி கேட்காமல் முதுகைத் தொடமாட்டாள். பீட்டா பார்ப்பவர்கள் பிழையைக் கண்டால் கம்பெனிக்கு எழுதி அனுப்ப ஒரு படிவம் உண்டு. அதில் மூன்றே கேள்விகள்: என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது. பதினோரு வருடம் அதை எழுதி எழுதி அவளுக்கு வாழ்க்கையே அந்த மூன்று கேள்வியாகிவிட்டது. பள்ளிப் பேருந்து ஓட்டும் கைசு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து மேசையில் கவிழ்ந்தால் முதல் கேள்வி இதுதான்:

"என்ன பண்ணினே? என்ன ஆகும்னு நினைச்சே? என்ன ஆச்சு?"

"பனியை அள்ளினேன். பனி போகும்னு நினைச்சேன். முதுகு போச்சு."

"இப்படித்தான் சொல்லணும். டாக்டர்கிட்டயும் இதையே சொல்லு."

கையைச் சும்மா வைத்திருக்க அவளுக்குத் தெரியாது. யாருக்காவது கணினியில் ஒன்றைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்றால் வாயால் சொல்ல மாட்டாள். அவர்கள் விரலைப் பிடித்துக் கொண்டுபோய் விசைமேல் வைத்து, தானே அழுத்திவிடுவாள். "என் விரலை எனக்குக் கொடு பொண்ணே, அது என்னோடது," என்று தைஸ்தோ கத்துவார். "நீ அழுத்தறதுக்குள்ள வசந்தம் வந்துரும் கிழவா," என்பாள் இவள். முப்பது வருடச் சண்டை இது.

தைஸ்தோ பெக்கரினென் எழுபத்து நான்கு வயதுக்காரர். பத்தொன்பது வயதில் பார்வை போனது. ஓய்வு பெறும்வரை மருத்துவமனைத் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர். மூன்று பேருந்து நிறுத்தம் தள்ளி, தனி ஆளாக இருக்கிறார். வியாழக்கிழமை மதியம் பார்வையற்றோர் சங்கத்தில் பட்டாணிச் சூப்பும், பின்னால் ஜாம் தடவிய அப்பமும் போடுவார்கள். இரண்டு பேரும் ஜன்னல் ஓர மேசையில் எதிரெதிரே உட்காருவார்கள். சூப்பில் கடுகு விழுதைக் கலக்கிக்கொண்டே தைஸ்தோ கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வீட்டுக் கணினி, பிரவுசருக்குப் புது பதிப்பு வந்திருக்கிறது என்று சொன்னால், இவளைக் கேட்காமல் அவர் அதற்குச் சம்மதம் கொடுக்க மாட்டார்.

"போடலாமா?"

"சரி. போடு."

அவ்வளவுதான். சங்கத்தில் அந்தச் 'சரி'யைக் காது நீட்டிக் கேட்டுக்கொண்டு போய் வீட்டில் புதுப்பித்துக்கொள்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேராவது இருந்தார்கள். ஹெல்காவுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எல்லா ஊருக்கும் பொருந்தும்.

பிப்ரவரி மாதத்து பீட்டாவில், படம் ஓடும் பெட்டியைக் கம்பெனி புதிதாகச் செய்திருந்தது. இயக்கு, நிறுத்து, ஒலி, பெரிதாக்கு என்று அந்தப் பெட்டிக்குக் கீழே எட்டுப் பொத்தான்கள். ஹெல்கா ஒவ்வொன்றாக நகர்ந்து கேட்டாள். பாதிரியார் எட்டுப் பெயரையும் தவறாமல் சொன்னார். ஒவ்வொன்றையும் அழுத்தினாள், எல்லாம் வேலை செய்தன. 'படப் பெட்டி சரி' என்று எழுதி அனுப்பிவிட்டு முதல் முதுகைப் பார்க்கப் போய்விட்டாள்.

மார்ச்சில் தைஸ்தோவின் அண்ணன் ரெய்னோ செத்துப்போனார். பதினெட்டு வயதில் கப்பலேறி ஸ்வீடனுக்குப் போய், போரோஸ் நெசவாலையில் சேர்ந்து, அங்கேயே தங்கிவிட்டவர். தம்பிக்குப் பார்வை போன வருடம், மாதம் தவறாமல் ஒலிநாடாவில் பேசி அனுப்பிய மனிதர். தைஸ்தோவுக்கு அப்போதுதான் இடுப்பு எலும்பு அறுவை முடிந்திருந்தது. கப்பலும் ரயிலும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை உங்கள் ஊர் நேரப்படி மதியம் ஒரு மணிக்கு அடக்கம், தேவாலயத்திலிருந்து நேரடியாக இணையத்தில் வரும், இதோ சுட்டி என்று ரெய்னோவின் மகள் அன்னிக்கா அனுப்பியிருந்தாள்.

வியாழக்கிழமை ஊன்றுகோலோடு சங்கத்துக்கு வந்த தைஸ்தோ, சூப்பைத் தொடாமல் கேட்டார்.

"புது பதிப்பு வந்திருக்கு. சனிக்கிழமை எனக்கு அது ஓடியே ஆகணும். போடலாமா, வேண்டாமா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"படப் பெட்டியை நானே பார்த்தேன் கிழவா. எட்டு பட்டனும் பேசுது. சரி. போடு."

சனிக்கிழமை என்ன நடந்தது என்பது ஹெல்காவுக்கு அடுத்த வியாழக்கிழமைதான் தெரிந்தது. அதுவும் அவளாகக் கேட்டதால்.

"அடக்கம் எப்படி இருந்துச்சு?"

தைஸ்தோ கரண்டியைக் கீழே வைத்தார். "கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டேன். டை கட்டிக்கிட்டேன். பன்னிரண்டரைக்கே கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்துட்டேன்."

"சரி."

"பக்கம் திறந்துச்சு. கீழே போனேன். 'பட்டன்'னார் உன் பாதிரியார். என்ன பட்டன்னு சொல்லலை. அடுத்ததுக்குப் போனேன். 'பட்டன்.' அதுக்கு அடுத்ததும் 'பட்டன்.' எண்ணிப் பார்த்தேன். எட்டு. எட்டுக்கும் பேர் இல்லை."

ஹெல்காவும் கரண்டியை வைத்தாள்.

"ஒவ்வொண்ணா அழுத்தினேன். ஒண்ணும் கேட்கலை. ஒரு மணி அடிச்சது. இன்னும் ஆரம்பிக்கலை போலன்னு இருந்தேன். தேவாலயத்துல தாமதம் ஆகறதுதானே. ஒண்ணரை ஆச்சு. மறுபடி எட்டுக்கும் போய்க் கேட்டுப் பார்த்தேன். ரெண்டு மணிக்கு அன்னிக்கா போன் பண்ணா. 'சித்தப்பா, பாட்டு கேட்டுச்சா? அப்பாவுக்குப் பிடிச்ச பாட்டுதான் பாடச் சொன்னேன்'னா."

"நீ என்ன சொன்னே?"

"கேட்டுச்சுன்னேன். வேற என்ன சொல்ல? அழுதுக்கிட்டிருந்தா."

அவர் அழுத்தியதில் ஒன்று படத்தை ஓடவிட்டிருக்கிறது. இன்னொன்று ஒலியை அடைத்திருக்கிறது. அண்ணனின் அடக்கம் முழுவதும் அவர் முகத்துக்கு முன்னால், ஒரு முழத் தூரத்தில், சத்தமில்லாமல் நடந்து முடிந்திருக்கிறது. அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு அது ஆரம்பிப்பதற்காகக் காத்திருந்தார். மாலையில் பார்த்தபோது அந்தச் சுட்டியில் ஒன்றும் இல்லை. நேரடியாக வந்ததைச் சேமித்து வைக்கும் வழக்கம் அந்தத் தேவாலயத்தில் கிடையாதாம்.

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே. பத்து நிமிஷத்துல வந்திருப்பேனே."

"நீ சரின்னு சொல்லியிருந்தே. அப்போ தப்பு என் விரல்லதான்னு நினைச்சேன்."

அதைக் குற்றமாகச் சொல்லவில்லை அவர். இருந்ததைச் சொன்னார். அதனால்தான் ஹெல்காவால் தாங்க முடியவில்லை. அப்பம் வருவதற்கு முன்பே எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் அவளுக்கு ஒரே கேள்வி: எனக்கு மட்டும் எட்டும் எப்படிப் பேசியது?

விடை தெரிய இரண்டு மணி நேரம் ஆனது. மதியம் வரவேண்டியவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பெயரில்லாத பொத்தான் எங்கே எதிர்ப்பட்டாலும் அதற்குத் தானே ஒரு பெயர் வைத்துக்கொள்ளும் வசதி அந்தக் குரலில் உண்டு. ஒரு தடவை வைத்துவிட்டால் போதும், பிறகு எப்போதும் அதைத்தான் அது சொல்லும். பதினோரு வருடத்தில் இப்படி ஆயிரத்து நானூறு பெயர்கள் வைத்திருந்தாள் ஹெல்கா. வங்கியின் இணையப் பக்கத்தில், மருந்துக் கடையின் பக்கத்தில், ரயில்வேயின் பக்கத்தில், எல்லாவற்றிலும். எப்போதோ ஒரு பழைய பீட்டாவில் படப் பெட்டி ஊமையாக வந்தபோது, அந்த எட்டுக்கும் அவளே பெயர் வைத்திருக்கிறாள். வைத்ததை மறந்தும்விட்டாள். பிப்ரவரியில் பெட்டியைப் புதிதாகச் செய்தபோதும் பொத்தான்கள் அதே இடத்தில்தான் இருந்தன, பெயர்களைத்தான் கம்பெனி தவறவிட்டுவிட்டது. பாதிரியார் படித்தது பெட்டியில் இருந்த பெயர்களை அல்ல, ஹெல்கா எழுதி வைத்திருந்ததை. தன் குரலையே எதிரொலியாகக் கேட்டுவிட்டு அவள் சரி போட்டிருந்தாள்.

பிழைப் படிவத்தைத் திறந்து இரண்டு எழுதினாள். முதலாவது பெட்டியைப் பற்றி. இரண்டாவது இப்படி இருந்தது: "செய்தது: என் வீட்டுச் சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, சரி என்று எழுதினேன். எதிர்பார்த்தது: எனக்குப் பேசினால் எல்லாருக்கும் பேசும். நடந்தது: ஒரு மனிதரால் தன் அண்ணனின் அடக்கத்தைக் கேட்க முடியவில்லை. பிழை உள்ள இடம்: சோதித்தவர்."

அந்தப் படிவங்களை வாசிப்பவர் தாம்பெரேயில் இருக்கும் சம்ப்ஸா என்ற நிரலாளர். பதினோரு வருடத்தில் எழுத்தில் மட்டுமே தெரிந்த ஆள். மறுநாள் முதல் முறையாகத் தொலைபேசியில் வந்தார்.

"ஹெல்கா, ரெண்டாவதை நான் பதிவு பண்ண முடியாது. அதுக்கு வகையே கிடையாது."

"வகை உண்டாக்கு."

"பேரை விட்டது நாங்க. நீ இல்லை."

"நீங்க விடுவீங்கன்னுதானே என்னை வெச்சிருக்கு?"

"முதலாவதைச் சரி பண்ணிடறேன்," என்றார். "சோதனைக்குன்னு கம்ப்யூட்டர்ல தனியா ஒரு வெறும் கணக்கு வெச்சுக்கோ. உன் பேரெல்லாம் உன் கணக்குல அப்படியே இருக்கட்டும்."

நல்ல யோசனைதான். வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். ஹெல்கா அன்று மாலையே ஆயிரத்து நானூறு பெயர்களையும் அழித்தாள். "வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஏழையா நடிச்சா ஏழை ஆயிட முடியுமா? நான் எதுல குடியிருக்கேனோ அதுலதான் எனக்குக் காது கேட்கும்," என்று கைசுவிடம் சொன்னாள். பிறகு ஒரு மாதம் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மருந்துக் கடையின் இணையப் பக்கத்தில் ஒரு டப்பா கைக்களிம்புக்குப் பதில் நாற்பது டப்பா கேட்டுவிட்டாள். ரயில்வேயின் பக்கத்தில் ஹெல்சிங்கிக்குச் சீட்டு எடுக்கும் வழி தெரியாமல் மூன்று தடவை பக்கத்தை விட்டு வெளியே வந்துவிட்டாள். புதுப் பிழை அறிக்கைகள் நாளுக்கு ஒன்று போயின. சம்ப்ஸா தூங்கினாரா தெரியவில்லை.

இன்னொன்றும் செய்தாள். 'சரி' என்ற சொல்லை விட்டாள். சங்கத்தில் யாராவது "போடலாமா?" என்று கேட்டால், "நான் பார்த்தவரைக்கும் பேசுது. உனக்குப் பேசுதான்னு நீ பார்த்துட்டுச் சொல்லு," என்பாள். சிலருக்கு இது பிடிக்கவில்லை. வழவழா கொழகொழா என்று ஆகிவிட்டாளே என்றார்கள்.

தைஸ்தோ அவளைக் கேட்பதையே நிறுத்திவிட்டார். கோபமில்லை, சூப் சாப்பிடும்போது பழையபடிதான் பேசினார். கணினியைப் பற்றி மட்டும் பேச்சே எடுக்கவில்லை. அவர் வீட்டில் அந்த ஊமைப் பெட்டி அப்படியே இருந்தது.

ஏப்ரலில் அன்னிக்கா ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். சித்தப்பா நேரடியாகக் கேட்டிருந்தாலும் ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று, அவள் மகன் கைப்பேசியில் பிடித்து வைத்திருந்த மூன்று நிமிடம். தேவாலயத்தில் எல்லாரும் சேர்ந்து பாடும் பாட்டு. அதுவும் அந்தப் பெட்டிக்குள்தான் திறந்தது. கீழே எட்டு 'பட்டன்.'

"நான் வந்து அழுத்தித் தரேன். ஒரு நிமிஷ வேலை," என்றாள் ஹெல்கா.

"வேண்டாம்."

"ஏன் கிழவா? எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரியணும். அன்னிக்கு நான் தனியா உட்கார்ந்து அழுத்தினேன், கிடைக்கலை. அதை நானே அழுத்தணும். எதை அழுத்தறேன்னு தெரிஞ்சு அழுத்தணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் அவசரமில்லை. ரெய்னோவுக்கும் இல்லை."

முதல் திருத்தம் ஏப்ரல் கடைசி பீட்டாவில் வந்தது. எட்டுக்கும் பெயர் வைத்திருந்தார்கள், ஆங்கிலத்தில். பாதிரியார் ஆங்கிலத்தைப் பார்த்தாலும் எழுத்து எழுத்தாக ஃபின்னிஷ் போலத்தான் படிப்பார். வாய் நிறையச் சூடான உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது. ஹெல்காவுக்கு அதில் பாதி புரிந்தது. புரிந்ததுதான் ஆபத்து என்று உடனே எழுதினாள்: "எனக்குப் புரிகிறது. அதனால் இது சரியாகவில்லை." சம்ப்ஸா அந்தப் பிழையை மறுபடி வேலைக்கு எடுத்தார். அடுத்த வாரம் பெயர்கள் ஃபின்னிஷில் வந்தன. அவள் பெயரெல்லாம் அழித்த தன் கணினியில் கேட்டாள். சங்கத்து அலுவலகக் கணினியில் கேட்டாள். கைசுவின் மகளுடைய மடிக்கணினியைக் கேட்டு வாங்கி அதிலும் கேட்டாள். பிறகும் சரி என்று எழுதவில்லை. "மூன்று இடத்தில் எட்டும் பேசின," என்று எழுதினாள்.

மே கடைசி வியாழக்கிழமை அது ஊருக்கெல்லாம் வந்தது. சங்கத்தில் அந்தப் பருவத்தின் கடைசிப் பட்டாணிச் சூப். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். தைஸ்தோ சூப்பில் கடுகைக் கலக்கிக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கலக்கினார்.

"போடலாமா?"

பத்து வாரம் கழித்து வந்த கேள்வி.

"நீ போடு. நான் பக்கத்துல இருக்கேன். பேசலைன்னா நாம ரெண்டு பேருமா கம்பெனியைத் திட்டலாம்."

"நீ என் விரலைத் தொடக் கூடாது."

"தொடலை."

அவர் வீட்டில் அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. தைஸ்தோ புதுப்பிப்புக்குச் சம்மதம் கொடுத்தார். கணினி அணைந்து மறுபடி எழுந்தது. பிறகு அவர் எழுந்து உள்ளே போனார். அலமாரிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் மேலிருந்து ரசகற்பூர வாசனை வந்தது. கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று ஹெல்காவுக்குப் புரிந்தது.

மின்னஞ்சலைத் திறந்தார். பெட்டி வந்தது. அவர் குரலை வைத்திருப்பது மெதுவான வேகத்தில். ஒரு சொல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு மூச்சு விடலாம். அவர் விரல் ஒவ்வொரு விசையையும் தேடித் தேடித்தான் போகும். தவறி இரண்டு தடவை மேலே போய்விட்டார். மறுபடி முதலிலிருந்து வந்தார். இன்னும் ஒரே ஒரு விசை கீழே. அது எது என்று ஹெல்காவுக்குத் தெரியும். அவள் வலது கை தானாக எழுந்து, மேசை விளிம்புவரை போய்விட்டது.

அவள் அதை இழுத்துக்கொண்டாள். இரண்டு கைகளையும் உள்ளங்கை கீழாகத் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்தாள்.

"இயக்கு. பட்டன்," என்றார் பாதிரியார்.

தைஸ்தோவின் விரல் அங்கேயே நின்றது. கோட்டைச் சரிசெய்துகொண்டார். அழுத்தினார். போரோஸில் நாற்பது ஐம்பது பேர் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். பாட்டு முடிந்து, கடைசியில் யாரோ இருமி, பெட்டி நின்ற பிறகும் ஹெல்கா கைகளின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். தைஸ்தோ மறுபடி முதலிலிருந்து, ஒவ்வொரு பெயராகக் கேட்டுக்கொண்டு, அந்தப் பொத்தானுக்கு வந்துகொண்டிருந்தார்.